ஊரில் இந்த வருஷம் மழை எப்படி?

தில்லியில் நாம் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுகிற நாட்களில்தான் ஊரில் குடையைத் தேடுகிறார்கள். இங்கே செப்டம்பர் கடைசியோடு மழை விடைபெற்றுக்கொள்கிறது. அங்கே அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில்தான் வடகிழக்குப் பருவமழை பிறக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் கிடைப்பது. கடலோர மாவட்டங்களுக்கோ பாதிக்கும் மேல். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு விடுவதால், நமக்கு வாய்த்தது வங்கக் கடல் தருவதுதான்.

ஆகவே அக்டோபர் பிறந்தால் தொலைபேசியில் முதல் கேள்வி, "மழை எப்படி இருக்குமாம்?" என் அத்தான் மன்னார்குடிப் பக்கம் சம்பா போடுகிறவர். "நீ தில்லியில்தானே இருக்கிறாய், கேட்டுச் சொல்லேன்" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்றாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. அதிகாரபூர்வமான பதில் புறப்படுவது நம் லோதி ரோட்டிலிருந்துதான். 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறை, கல்கத்தா, சிம்லா, புணே என்று இடம் மாறி 1944-ல் தில்லிக்கு வந்து சேர்ந்தது. மௌசம் பவன் வாசலில் நம்மில் எத்தனையோ பேர் பஸ்ஸுக்கு நின்றிருப்போம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோ அந்தத் துறை ஒரு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொல்வதல்ல. கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஆகியவற்றையும் சேர்த்து 'தென் தீபகற்பம்' என்று ஒரே கணக்காகச் சொல்வது. அடுத்து, 'வழக்கமான மழை' என்றால் நீண்ட கால சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை. அது விசாலமான இடைவெளி. கடைசியாக, அது நடந்தே தீரும் என்ற வாக்கு அல்ல, வாய்ப்புக் கணக்கு. பத்திரிகைத் தலைப்புகளில் இந்த மூன்றாவது விஷயம்தான் முதலில் காணாமற் போகிறது.

இந்தக் கணக்கின் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1904 முதல் 1924 வரை துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணித மேதை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்குமுள்ள பதிவுகளைக் குடைந்தவர், பசிபிக் கடலில் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டார். இன்று எல் நினோ, லா நினா என்று பேசுவதெல்லாம் அந்தக் கண்டுபிடிப்போடு பிணைந்தது. (இதே வாக்கர்தான் 1913-ல் சென்னை வந்தபோது துறைமுகக் குமாஸ்தா ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவித்தொகை தரச் சொல்லி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர். மழைக்கு மட்டுமல்லாமல் இதற்கும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.)

எல் நினோ என்றால் தில்லிக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தென்மேற்குப் பருவமழை குறையும் என்ற பயம். ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தி. லா நினாதான் அங்கே சற்றுக் கை இழுக்கும். 2015-ஐ நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி, அடையாறு கரை மீறிச் சென்னை மூழ்கியது. இருந்தாலும் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 2010-ம் 2021-ம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட அதிகமாகவே பெய்தது.

மொத்தக் கணக்கும் நம் வீட்டு வாசலும் ஒன்றல்ல. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. அந்த வறண்ட பருவத்திலும் டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து சென்னை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. 2023-ல் மாநில மொத்தம் வழக்கத்தை ஒட்டியே இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அது சாதாரண வருஷம். ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையில் வெள்ளம். இரண்டு வாரம் கழித்து, 18-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தில்லிக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழை சுமார் 77 செ.மீ. என்று சொன்னால் இந்த அளவின் பயங்கரம் விளங்கும். அன்று திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காயல்பட்டின மழை கொட்டியது மார்கழி பிறந்த நாளில். 1964-ல் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் டிசம்பர் 22, 23-ல். கடலூரைச் சூறையாடிய தானே புயல் 2011 டிசம்பர் 30-ல். மூன்றும் மார்கழி. பழமொழி சராசரியைச் சொல்கிறது. கர்ணனைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதனால் முன்னறிவிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பருவ முன்னறிவிப்பு அணையில் நீரைத் தேக்குகிறவருக்கும் விதை நெல் வாங்குகிறவருக்கும் வேண்டியது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததற்கு, அதற்கு முந்தைய 2018 பருவமழை சரியாகப் பெய்யாததும் ஒரு காரணம். அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கும் வீட்டுக்குத் தேவையானது வேறு: ஐந்து நாள் முன்னறிவிப்பும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக வரும் எச்சரிக்கையும். இவற்றில் துல்லியம் நன்றாகவே கூடியிருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் அருகே கஜா கரையேறியபோது, முன்கூட்டியே பல்லாயிரக்கணக்கானோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். தென்னையைத்தான் யாரும் முகாமுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து அன்பர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் மரக் கணக்குச் சொல்வார்கள்.

தில்லியிலிருந்து செய்யக்கூடியவை சில உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். நிலம் உங்கள் பெயரிலும் சாகுபடி இன்னொருவர் கையிலும் இருந்தால், இந்த ஆண்டுத் தேதியையும் அவருக்கு வேண்டிய காகிதங்களையும் அக்டோபரிலேயே விசாரித்துவிடுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் பெற்றோரின் மருந்து, பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள் பரண் மேல் ஏறட்டும். மின்சாரம் போனால் கைபேசியும் போகும். அடுத்த தெருவில் ஒருவர் எண்ணையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் டிக்கெட் எடுக்கிறார்கள். பல வருஷங்களில் பருவமழை விலகியதாகத் துறை அறிவிப்பதே ஜனவரி நடுவில் அல்லது அதற்கும் பின்னால். 2021-ல் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைத்தன. அத்தான் இப்போது ஜனவரியிலும் போன் செய்கிறார்.