காருக்குள் ஒளிந்திருக்கும் ஃப்யூஸ் பெட்டிகள்

டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர் என்று எங்கு பார்த்தாலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பழைய பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் வாங்குகிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டி, புதிய சிறிய காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு நாள் பின் விளக்கு எரியாமலோ, ஜன்னல் கண்ணாடி ஏறாமலோ போனால், ஃப்யூஸ் எங்கே என்று தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

பழைய பத்மினியில் ஃப்யூஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வண்டிகளிலோ சீட், கதவு, ஏ.சி. என எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்துக்கு இழுத்தால் வண்டி முழுக்கக் கம்பிக் கட்டாகிவிடும். ஆகவே அந்தந்தப் பகுதிக்கு அருகிலேயே ஒரு பெட்டி வைத்து, மேலே அலங்காரப் பலகையால் மூடிவிடுகிறார்கள்.

2002 முதல் 2009 வரை வந்த பென்ஸ் ஈ கிளாஸில் மூன்று இடங்கள் பார்க்க வேண்டும். ஒன்று பானெட்டுக்குள். இரண்டாவது டாஷ்போர்டின் பக்கவாட்டில். முன் கதவைத் திறந்தால்தான் அதன் மூடி தெரியும். மூன்றாவது டிக்கியில் இடது பக்கப் பலகைக்குப் பின்னால். செங்கற்பட்டு அருகே 2007-இல் தொடங்கிய தொழிற்சாலையில் முதலில் பூட்டிய பி.எம்.டபிள்யூ 5 சீரீஸில் ஒரு பெட்டி க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலும், மற்றொன்று டிக்கியின் வலது பக்கத்திலும் இருக்கிறது.

இந்த இரண்டு வண்டிகளிலும் பெரிய பாட்டரியும் டிக்கியில்தான். பாட்டரி இறங்கிவிட்டால் டிக்கியின் பட்டன் வேலை செய்யாது. சாவிக்குள் ஒரு சிறிய இரும்புச் சாவி செருகியிருக்கும். அதை உருவி டிக்கியைத் திறக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் இதைக் காட்டி வையுங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் உடையும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக எடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர் பேகுக்குப் போகிறவை. அவற்றில் கை வைக்க வேண்டாம். ஃப்யூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். அந்த லைனில் மின்சாரம் வரும்போது டெஸ்ட் லாம்பை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் போய்விட்டது என்று அர்த்தம். நிறமும் அளவு சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

ரயில்வேயில் மின்சார வேலைக்கு வந்தவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: ஃப்யூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, கம்பியை. 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டால் ஃப்யூஸ் உருகுமுன் கம்பி காய்ந்து உறை எரியும். எங்கள் சொசைட்டியில் ஒருவர் வண்டியில், டிக்கிப் பெட்டியில் அடிக்கடி போன ஃப்யூஸுக்கு யாரோ சிகரெட் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். வேலை சுலபமாக முடிந்தது. சில வாரங்களில் பலகைக்குப் பின்னால் கருகல் வாடை வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கம்பிக் கட்டே கறுத்திருந்தது. பின் சீட்டில் தினமும் குழந்தைகள் ஸ்கூலுக்குப் போகும் வண்டி அது! மறைவான இடத்தில் செய்த தவறு, நெருப்பாகும்வரை யார் கண்ணிலும் படாது. புது ஃப்யூஸும் உடனே போனால் பெரிய ஃப்யூஸைத் தேடாதீர்கள். கோளாறைத் தேடச் சொல்லுங்கள்.

நம் ஊர் மழையையும் மறக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் பெய்தது 944 மில்லிமீட்டர். அவ்வளவு வெள்ளம் வேண்டாம். டிக்கி ரப்பர் கிழிந்து ஒழுகினாலே உள்ளே ஈரம் சேரும், ஃப்யூஸ் கால்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஜூன் பிறக்குமுன் பலகையைக் கழற்றிக் கையால் தடவிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டையும் கிலோமீட்டரையும் பார்ப்பதோடு நில்லாமல், மானுவலில் ஃப்யூஸ் பக்கத்தைப் புரட்டி எல்லாப் பெட்டிகளையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஈயத்தாளோ, கம்பித் துண்டோ, கருகலோ தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகு விலை பேசுங்கள்.