குழந்தை மேல் சுடுகஞ்சி கொட்டினால் செய்ய வேண்டுவது

நடை பழகும் குழந்தையுள்ள வீட்டில் சிறு விபத்துக்கள் நேராமல் இரா. அவற்றுள் பெரும்பாலானவை தாயார் வாரியெடுத்துத் தடவிக் கொடுத்ததும் மறந்துபோகக் கூடியவை. ஆனால் சுடுஜலம், கஞ்சி, குழம்பு, காப்பி முதலியவை மேலே கொட்டுவது அத்தன்மையதன்று. காயம் மேலோடு ஆறிவிடுவதும், ஆழ இறங்கி வடுவாக நிலைத்துவிடுவதும் பல சமயங்களில் முதல் 20 நிமிஷங்களில் பெற்றோர் செய்யும் காரியத்தைப் பொறுத்திருக்கின்றன. அதற்கு வேண்டிய மருந்தோ விலை கொடுத்து வாங்க வேண்டியதன்று. சுத்தமான குளிர்ந்த ஜலமே அது.

கொட்டிய கஞ்சியைத் துடைத்துவிட்டால் சூடு நீங்கிவிட்டதென்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தவறு. தோலினுள் புகுந்த சூடு அங்கேயே தங்கி, மேன்மேலும் உள்ளே இறங்குகிறது. வாய்தா தவறிய கடனுக்கு வட்டி ஏறுவது போல, தாமதிக்குந்தோறும் நஷ்டம் வளர்கிறது. 60 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள ஜலம் பெரியவர்களுடைய தோலையே ஏறக்குறைய 5 விநாடிகளில் ஆழப் புண்படுத்தும். குழந்தையின் தோல் மெல்லியதாதலால், அதற்கு இன்னும் குறைந்த நேரமே போதும்.

ஒன்றரை வயதுக் குழந்தையொன்று அடுப்படியில் இறக்கி வைத்த கஞ்சிப் பாத்திரத்தை இழுத்து, முன்கையில் கொட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம். தாயார் உடனே குழந்தையை அப்பால் தூக்கி, நனைந்த சட்டையைக் கழற்ற வேண்டும். வளை, காப்பு, கயிறு முதலியவற்றையும் வீக்கம் காணுமுன் நீக்கிவிட வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் அதைப் பிய்த்து எடுக்கலாகாது. பிறகு குழாயடியிலாவது, செம்பினால் மெதுவாக வார்த்தாவது, 20 நிமிஷம் வரை ஜலம் ஓட விட வேண்டும். இது ஒரு நாழிகைக்குச் சற்றே குறைந்த நேரம். குழந்தை அழுகிறதென்று இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டால் பயன் குறையும். தகப்பனார் குழந்தையின் மற்ற அங்கங்களை உலர்ந்த துணியால் போர்த்திப் பிடித்துக்கொண்டால் அதற்குக் குளிர் தாக்காது. ஜலம் சுருக்கமான ஊர்களில் நனைத்த சுத்தமான துணியை அடிக்கடி மாற்றிப் போடலாம். உடனே செய்யத் தவறியவர்களும் மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பலன் உண்டு. பனிக்கட்டி மட்டும் வைக்கலாகாது. அது புண்பட்ட தோலை மேலும் கெடுக்கும்.

இத்தகைய சமயத்தில் வீட்டிலுள்ள முதியோர், "மையைக் கொண்டு வா, மாவைத் தடவு" என்று அன்பினாலேயே சொல்லுவார்கள். பேனா மை, அரிசி மாவு, வெண்ணெய், மஞ்சள், பற்பசை, சாணம் ஆகிய இவை யாவும் தவிர்க்கத் தக்கவை. இவை புண்ணில் அழுக்கைச் சேர்க்கும். மையும் மஞ்சளும் காயத்தின் ஆழத்தை வைத்தியர் பார்த்தறிய முடியாதபடி மறைத்துவிடும். சாணத்தினால் உயிருக்கே ஆபத்தான இசிவு நோய் உண்டாகக் கூடும். முதியோரிடம் வாதாடிக்கொண்டிருக்க அது நேரமன்று. "ஜலம் வார்த்து முடியட்டும், அத்தை, அப்புறம் டாக்டரைக் கேட்டுச் செய்வோம்" என்று மருமகள் பணிவாகச் சொன்னால் போதும்.

ஜலம் வார்த்தபின், துவைத்துலர்த்திய மெல்லிய பருத்தித் துணியால் காயத்தைத் தளர்ச்சியாக மூட வேண்டும். கொப்புளங்களை உடைக்கலாகாது. கொப்புளம் எழுந்த குழந்தையை வைத்தியரிடம் காட்டுவதே உத்தமம். காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாயினும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருப்பினும், தோல் வெளுத்தோ கருகியோ இருப்பினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வெளுத்த இடத்தில் குழந்தைக்கு வலி தோன்றாதிருப்பது நல்ல குறியன்று. அது காயம் ஆழமானதென்பதற்கு அடையாளம். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் ஆம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வருகிறது. இசிவு நோய்க்கான தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டதென்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. சூடான பாத்திரத்தைத் தரையிலும் திண்ணையிலும் வைக்காமல், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காப்பி அருந்தலாகாது. டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் சென்ற காப்பியும் சுடக்கூடும். குளிப்பாட்டும் தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீரும், பிறகே வெந்நீரும் ஊற்றிக் கலக்க வேண்டும். குழந்தையை இறக்குமுன் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது அவசியம்.

ஆறாத புண் ஒன்று குடும்பத்தின் கூலி நாட்களையும் கைப்பொருளையும் எவ்வாறு விழுங்கும் என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் அடுத்த கூட்டத்தில் இவ்விஷயத்தைப் படித்துக் காட்டுவதோடு, கூட்டத்திற்கு வராத வீட்டுப் பெண்களுக்கும் முதியோருக்கும் ஒவ்வொருவரும் போய்ச் சொல்லுதல் நலம். விபத்து நேரும்போது வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.