விரலும் பக்கமும்: இணையப் பக்க நகர்விலே தலையிடாச் செவிமடுப்பான்கள்

கையடக்கத் தொலைபேசியில் ஓர் இணையப் பக்கத்தை விரலால் மேலே தள்ளும்போது, அது உடனே நகராது சற்றுத் தயங்கிப் பின் திடீரெனப் பாய்வதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கருவியின் மலிவே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அது முழுவதும் பொய்யன்று, முழு உண்மையுமன்று. பக்கத்தை எழுதுவோருக்கு உலாவி வழங்கிய ஓர் உரிமையிலிருந்து பிறக்கும் தாமதமும் உண்டு. அதனையே இங்கு நோக்க விழைகின்றோம்.

திரை பொதுவாக ஒரு செக்கனில் 60 முறை புதுப்பிக்கப்படுகின்றது. எனவே ஒவ்வொரு படிமத்துக்கும் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே. இக்குறுகிய காலத்தைக் காப்பதற்காகவே இன்றைய உலாவிகள் வேலையை வெவ்வேறு இழைகளாகப் பிரித்துள்ளன. ஜாவாஸ்கிரிப்ற் நிரல்கள் பிரதான இழையில் ஓடுகின்றன. ஏற்கெனவே வரையப்பட்ட பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துவது தொகுப்பிழையின் பணி. ஆகவே பிரதான இழை மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருப்பினும் பக்கம் தடையின்றி நகர இயலும்.

தொடுகை நிகழ்வுக்கு ஒரு செவிமடுப்பான் அமைக்கப்பட்டதும் இச்சுதந்திரம் பறிபோகின்றது. ஏனெனில், அச்செவிமடுப்பான் விரும்பினால் ‘பிரிவென்ற் டிபோல்ற்’ என்னும் கட்டளையால் நகர்வையே நிறுத்திவிடலாம். நிலப்படத்துக்கும் வரைபலகைக்கும் அவ்வுரிமை இன்றியமையாதது. ஆனால் அது பயன்படுத்தப்படுமா என்பதை, செவிமடுப்பான் ஓடி முடியும்வரை உலாவி அறியமாட்டாது. பிரதான இழை வேறொரு வேலையில் மூழ்கியிருப்பின் அதுவும் முடியும்வரை விரல் காத்திருக்க வேண்டும்.

அன்ட்ரொயிட் கருவிகளில் குரோம் உலாவியின் பொறியியலாளர் கண்ட அளவீடுகள் இவ்விடத்தில் கவனத்துக்குரியன. நகர்வைக் காக்கவைத்த தொடுகை நிகழ்வுகளில் 80 சதவீதமானவை அதனை ஒருபோதும் தடுக்கவில்லை. 10 சதவீதமானவை நகர்வின் தொடக்கத்தை 100 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதப்படுத்தின. நூற்றில் ஒரு நகர்வு அரைச் செக்கனோ அதற்கு மேலோ பிந்தியது. காத்திருப்பின் பெரும்பகுதி வீண் என்பதே இதன் பொருள். விளம்பரத்துக்காகவும் வாசகரைக் கணக்கெடுப்பதற்காகவும் வெளியிலிருந்து புகுத்தப்படும் நிரல்கள் வெறுமனே வேவுபார்க்க வைத்த செவிமடுப்பான்களும் இத்தகையனவே. வேவுபார்ப்போனுக்காக வாசகன் காத்திருந்தான்!

2016இல் குரோம் 51ஆம் பதிப்பு இதற்கொரு தீர்வைத் தந்தது. அவ்வாண்டிலேயே பயர்பொக்ஸ் 49உம் சபாரி 10உம் அதனை ஏற்றன. ‘அட் இவென்ற் லிசினர்’ என்னும் சார்பின் மூன்றாம் இடத்தில் ‘பசிவ்: ட்ரூ’ என எழுதின், நகர்வைத் தடுப்பதில்லை என்று நிரலாளர் முன்கூட்டியே வாக்களித்தவராகின்றார். பின்னர் தடுக்க முயன்றாலும் உலாவி அதனைப் புறக்கணித்துவிடும். ‘பசிவ்’ என்பதை இலக்கணத்தார் செயப்பாட்டு என்பர். இங்கு அது பொருந்தாமையால் ‘தலையிடா’ என நாம் வழங்குகின்றோம்.

வாக்குறுதியோடு காரியம் நின்றிருந்தால் சர்ச்சை எழுந்திராது. 2017இல் வெளிவந்த குரோம் 56, பக்கம் முழுவதற்குமென வைக்கப்பட்ட தொடுகைச் செவிமடுப்பான்களை, எழுதியவர் கேளாமலே தலையிடாதனவாகக் கொண்டது. தடுக்கும் உரிமையை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் சில பிறழ்ந்தன: பொருளை இழுக்க முனைந்த விரலோடு பக்கமும் சேர்ந்து ஓடியது. 2018இல் ஐபோனின் சபாரியும் அதே வழியிற் சென்றது. 2019இல் குரோம் 73 சுட்டிச் சில்லுக்கும் இதனை விரித்தது. பின்னர் பொது நியமத்திலும் இது இடம்பெற்றது.

மலிவான கருவியை வைத்திருக்கும் பெருந்தொகையான வாசகருக்கு இது நன்மையே என்பது எமது கருத்து. எனினும் நடைமுறை முந்தி நியமம் பிந்திய ஒழுங்கை நாம் வரவேற்பதற்கில்லை. எழுதிய பக்கம் என்றும் இயங்கும் என்னும் நம்பிக்கையிலேயே இணையம் வளர்ந்தது. அந்நம்பிக்கையைத் தளர்த்தும் முடிவை முதலில் எடுத்தது ஒரு தனி நிறுவனம். விளம்பரத்தால் வாழும் கூகிளே அந்நிறுவனம் என்பதும் மறக்கற்பாலதன்று.

நகர்வை உண்மையாகவே நிறுத்த வேண்டியோர் ‘பசிவ்: போல்ஸ்’ என வெளிப்படையாக எழுதலாம். அதனினும் சிறந்தது, ‘ரச் அக்சன்’ என்னும் பாணி விதியால் எத்திசை நகர்வை உலாவி கையாளலாம் என்பதை முன்னரே அறிவிப்பது. அதனை அறியத் தொகுப்பிழை எந்தச் செவிமடுப்பானுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், செவிமடுப்பானுக்குள் இருக்கும் சுமையான நிரலை இவையெதுவும் இலேசாக்கமாட்டா. பக்கம் விரலோடு நகரும். புதிதாக வரையப்பட வேண்டிய பகுதி வெறுமையாக நிற்கவும் கூடும்.