டஸ்கனியில் ஏழு நாள்: கடை மூடியாச்சு, கரண்ட் போச்சு, ஃபைன் வந்துச்சு

"வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வெளிநாட்டுல ஒரு கிராமத்துல போய்த் தங்கலாமா, சரிப்பட்டு வருமா?" இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி காதுல விழுது. ஒரு ஜூன் மாசம் நாங்க ஆறு பேர் இத்தாலியின் டஸ்கனிக்குப் போயிட்டு வந்தோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவங்க எட்டு வயசுப் பையன், அப்புறம் நான். அங்க நடந்த ஒவ்வொரு சொதப்பலுக்கும் பின்னாடி அந்த ஊரோட கணக்கு ஒண்ணு இருந்துச்சு. அதே கணக்குதான் அந்தப் பயணத்தோட நல்ல நேரங்களையும் கொடுத்துச்சு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

வீடு ஏன் தனியா நிக்குது?

நாங்க தங்கினது வால் டோர்சியா. சியெனா நகரத்துக்குத் தெற்கே இருக்குற பள்ளத்தாக்கு, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. வால்பேப்பர்ல பார்த்திருப்பீங்க: பச்சை மேடு, வரிசையா சைப்ரஸ் மரம், உச்சியில ஒத்தைக் கல்வீடு.

அந்த வீடு ஊரோட சேராம தனியா நிக்கிறதுக்குக் காரணம் 'மெட்ஸத்ரியா'. நம்ம வாரக் குத்தகை மாதிரிதான். நிலம் முதலாளியோடது, விளைச்சல்ல பாதி உழுறவங்களுக்கு. உழுற குடும்பத்தை அந்த நிலத்துலேயே குடி வச்சாங்க. 1964-ல இந்த மாதிரி புது ஒப்பந்தமே போடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஜனங்க வேலை தேடி நகரங்களுக்குப் போக, நிறைய வீடு காலியாச்சு. 1985-ல இன்னொரு சட்டம்: விவசாயி தன் பண்ணையில விருந்தாளிகளைத் தங்க வச்சு சம்பாதிக்கலாம், ஆனா விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும். இதுக்குப் பேர் 'அக்ரிதூரிஸ்மோ'.

ஆக, நீங்க போய்த் தங்குறது ஹோட்டல் இல்ல, ஒரு பண்ணை. கீழ இறங்கினா பெட்டிக்கடை இருக்காது. நாங்க போய்ச் சேர்ந்தது ஞாயிறு சாயங்காலம். பக்கத்து ஊர் ஏழு கிலோமீட்டர், அங்கேயும் ஞாயிறு மதியத்தோட கடையைச் சாத்திட்டாங்க. அம்மா கையில புளிக்காய்ச்சல் டப்பா இருக்கு, அரிசி இல்ல.

பையன் பசியில அழ ஆரம்பிச்சதும் வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய ரொட்டி, தக்காளி, அவங்க தோட்டத்து ஆலிவ் எண்ணெய் எல்லாம் கொண்டு வந்து வச்சாங்க. அம்மா ஒரு வாய் போட்டுட்டு, "பாவம், உப்பு போட மறந்துட்டாங்கடா"ன்னாங்க. மறக்கல, டஸ்கனி ரொட்டியே உப்பில்லாம செய்றதுதான். தொட்டுக்குற சீஸ், ஹாம் எல்லாம் நல்லா உப்பா இருக்கும், அதுக்கு இது சரி. எங்களுக்கு புளிக்காய்ச்சல் சரியா போச்சு. அன்னைக்கு ராத்திரி அந்த ரொட்டி மிஞ்சவே இல்ல.

மூணு கிலோவாட் கணக்கு

ரெண்டாம் நாள் ராத்திரி அம்மா இண்டக்ஷன்ல சாதம் வச்சாங்க. அக்கா வாஷிங் மெஷினைப் போட்டாங்க. வாட்டர் ஹீட்டர் ஏற்கனவே ஓடிட்டு இருக்கு. டப்புன்னு மொத்த வீடும் இருட்டு.

இத்தாலியில சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட். இண்டக்ஷன் அடுப்பு ஒண்ணே கிட்டத்தட்ட 2 கிலோவாட் இழுக்கும். ஹீட்டரும் மெஷினும் சேர்ந்தா கணக்கு தாண்டிடும், மெயின் விழுந்துடும். அதனால ஒரு நேரத்துல ஒரு பெரிய சாமான்தான். மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு போன உடனே கேட்டு வச்சுக்கோங்க, சில வீட்டுல வெளியில இருக்கும்.

எங்க வீட்டுலயும் வெளியிலதான். டார்ச் எடுத்துட்டு அத்தான் போனாரு, பின்னாடியே பையன். ரெண்டு நிமிஷத்துல, "தாத்தா, சீக்கிரம் வாங்க!"ன்னு ஒரு சத்தம். வெளிய போய்ப் பார்த்தா கோதுமை வயல் முழுக்க மின்மினி. ஜூன் மாசம் அங்க அதோட சீசன். கரண்ட் வந்தும் அரை மணி நேரம் யாரும் உள்ள போகல.

'ஆக்டிவ்'னா திறந்திருக்குன்னு அர்த்தமில்ல

இப்போ பணம் போன கதை. இத்தாலியில பல பழைய ஊர்களோட நடுப்பகுதி 'இசட்.டி.எல்.', அதாவது வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. வெள்ளை வட்டம், சுத்தி சிவப்பு வளையம், பக்கத்துல கேமரா. தடுப்புக் கம்பியோ போலீஸோ பெரும்பாலும் இருக்காது. மேப் ஆப் நேரா உள்ள போகச் சொல்லுச்சு. மின்சாரப் பலகையில 'வார்கோ அத்திவோ'ன்னு எழுத்து. அப்பா, "மாப்ள, ஆக்டிவ்னுதானே போட்டிருக்கு, போங்க"ன்னாரு. கட்டுப்பாடு இப்போ அமல்ல இருக்கு, வராதேன்னு அர்த்தம். 'நோன் அத்திவோ'ன்னு இருந்தாதான் போகலாம்.

அன்னைக்கு ஒண்ணும் தெரியல. பல மாசம் கழிச்சு முதல்ல கார் வாடகைக் கம்பெனி ஒரு தொகையை கார்டுல எடுத்தாங்க. அது ஃபைன் இல்ல, நம்ம முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததுக்கான கட்டணம். ஃபைன் அப்புறம் தனியா வந்துச்சு. வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவங்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கையில கிடைச்ச அஞ்சு நாளுக்குள்ள கட்டினா 30 சதவீதம் தள்ளுபடி. அப்பா தன் பென்ஷன்ல இருந்துதான் கட்டுவேன்னு பிடிவாதமா நின்னாரு. அத்தான், "மாமா, வண்டி ஓட்டினது நான்"னு சொல்லியும் கேக்கல.

ஆனா அதே அப்பாவுக்குப் பிடிச்ச சாயங்காலம் எதுன்னு கேட்டா, சியெனாவோட பெரிய சதுக்கத்தைச் சொல்வாரு. அந்த ஊர் 1960-கள்லயே நடுப்பகுதியில காரைக் கட்டுப்படுத்திடுச்சு. ஹாரன் சத்தமே இல்ல. சரிவான செங்கல் தரையில ஊரே உட்கார்ந்து பேசிட்டு இருக்கு, பேரன் இஷ்டத்துக்கு ஓடுறான். முட்டி வலியோட அப்பா அங்க ரெண்டு மணி நேரம் இருந்தாரு, ஒரு தடவைகூட "ரோட்டைப் பாத்து ஓடுடா"ன்னு கத்த வேண்டியிருக்கல.

போறதுக்கு முன்னாடி

- நம்ம லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. கொடுக்குற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும், ஒரு வருஷம் செல்லும்.
- காரை மதிலுக்கு வெளியே பார்க்கிங்ல விட்டு நடங்க. ஹோட்டல் இசட்.டி.எல்.குள்ள இருந்தா வண்டி நம்பரை முன்கூட்டியே பதியச் சொல்லுங்க.
- கிராமத்துக் கடைகள் மதியம் ஒரு மணிக்குச் சாத்தினா, மூன்றரை நாலுக்குதான் திறக்கும், நம்ம கோயில் நடை மாதிரி. ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் ஏழரைக்கு மேலதான்.
- சைவம்னா கவனம்: பெக்கோரினோ, பார்மிஜானோ மாதிரியான சீஸ்ல பாலை உறைய வைக்கிறது கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருள். 'ரிபொல்லீத்தா' கேளுங்க. பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்ட சூப். பேரோட அர்த்தமே 'திரும்பக் கொதிக்க வச்சது'. சிலர் எலும்பு போடுவாங்க, கேட்டுட்டு வாங்குங்க. எங்க அம்மா அதுக்கு வச்ச பேரு இத்தாலி சுண்டக்குழம்பு.
- ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ற மாதிரி டிக்கெட் போட்டா, ஒரு கிலோ அரிசியை வழியிலேயே வாங்கிடுங்க.