எக்ஸ்ரேயில் தெரியாத முள்

அம்மையார்குப்பம் முதல் திருத்தணி வரை வரப்பில் நடப்பவர்களுக்குச் சீமைக்கருவேல முள் புதிதல்ல. ஊசியால் கெல்லி எடுத்து, வலி அடங்கினால் விஷயம் முடிந்தது என்கிறோம். முடிவதில்லை. முறிந்த முனை உள்ளே தங்கினால், அதன் செல்லுலோஸை நம் உடலால் செரிக்க முடியாது. வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று இணைந்து, மாதக்கணக்கில் முற்றுகையிடும். முனை எலும்பை ஒட்டியிருந்தால் எலும்புறை தடித்துப் புது எலும்பு படியும். சில இடங்களில் எலும்பு அரிக்கப்பட்டுக் குழி விழும். எக்ஸ்ரேயில் இது எலும்புப் புற்றுநோய் போலவே தோன்றி மருத்துவர்களையே குழப்பியதுண்டு.

‘எக்ஸ்ரேயில் முள் இல்லையே?’ என்று கேட்கலாம். உலோகமும் கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். முள், மூங்கில் சிலாம்பு தெரிவது அரிது, ஏனெனில் அவை கதிர்களைத் தசையைப் போலவே கடத்துகின்றன. அல்ட்ராசவுண்டில் அதே முள் வெள்ளைக் கோடாக, கீழே கருநிழலோடு தென்படும். ‘சீழோடு தானே வந்துவிடும்’ என்பது தோலடியில் இருப்பதற்குச் சில சமயம் பொருந்தும். ஆழத்தில் இருப்பதற்குப் பொருந்தாது. ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் குறைக்கும், நிறுத்தினால் வீக்கம் திரும்பலாம். முள்ளை எடுப்பதே சிகிச்சை. ஆகவே ஆறாத வீக்கத்தோடு மருத்துவரிடம் போனால், பல மாதங்களுக்கு முன் முள் தைத்திருந்தாலும் அதை மறக்காமல் சொல்லுங்கள்.