முதலில் தொழிற்கூடம், பிறகு வீடு

முகாமை விட்டு வெளியேறும் குடும்பம் சொந்த நிலத்தில் முதலில் எதைக் கட்டும்? வீட்டைத்தான் என்போம். யப்பானிய வழிவந்த அமெரிக்கரான ஜோர்ஜ் நாகஷிமா தொழிற்கூடத்தைக் கட்டினார். வேலை முடியும்வரை குடும்பம் கூடாரத்தில் தங்கியிருந்தது.

1905இல் பிறந்த இவர் கட்டடக்கலை பயின்றவர். 1930களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரி வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதிக் கட்டட வேலையை மேற்பார்வை செய்தார். அங்கு கட்டட வேலையும் தியானமும் வேறுவேறாக இருக்கவில்லை. காற்று உள்ளே வரவும் வெயில் வெளியே நிற்கவும் சுவரெங்கும் சாய்பலகைகள் அமைத்தார்கள்.

பின்பு யுத்தம் வந்தது. 1942இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வழியினரை வீடுவாசலை விட்டு அகற்றியது. கைக்குழந்தையுடன் நாகஷிமா தம்பதியினர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். இழப்பைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த முகாமில் ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். யப்பானியக் கைக்கருவிகளைக் கையாளவும், மூட்டுகளைப் பொறுமையாகப் பொருத்தவும் படித்த கட்டடக்கலைஞர் அவரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். கழிவுப் பலகைகள்தான் அவர்களுக்குக் கிடைத்த மரம்.

1943இல், முன்னர் தம்மை வேலைக்கு வைத்திருந்த அன்ரனின் ரேமண்டின் பொறுப்பில் விடுதலையாகி, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரிலுள்ள அவரது பண்ணைக்கு வந்தார். சில ஆண்டுகளின் பின் உழைப்பை ஈடாகக் கொடுத்து மூன்று ஏக்கர் நிலம் பெற்றார். கையில் பணமில்லை, முழுமையான வரைபடமும் இல்லை. காணியில் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுவர் எழுப்பினார். எந்தக் கல் எங்கே அமரும் என்பதைக் கல்லைக் கையிலெடுத்த பிறகே தீர்மானித்தார். தெற்கே சரியும் நிலமாதலால் குளிர்கால வெயில் உள்ளே விழும்படி அந்தப் பக்கம் கண்ணாடி வைத்தார். (எங்கள் நாட்டில் இதைப் பின்பற்றினால் உள்ளே இருக்க முடியாது. எமக்கு அகலமான தாழ்வாரமும் நிழலுமே தேவை.)

அவருடைய கட்டடங்களில் அலங்காரம் என்று தனியாக எதுவுமில்லை. கல் கல்லாகத் தெரியும், மரம் மரமாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே மரங்கள். உளியின் ஓசை நின்றால் அமைதி. வேலை செய்பவரின் மனம் கையிலுள்ள பலகையிலேயே நிற்கும். அறுத்த மரங்களை ஆண்டுக்கணக்கில் உலரவிட்டார். வெடிப்பு விழுந்த பலகையையும் அவர் எறிந்ததில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டு செதுக்கி, வெடிப்பின் குறுக்கே பதித்து இறுக்கினார். அந்த வெடிப்பு மேசையில் எல்லோரும் பார்க்கும்படியே இருக்கும்.

காலப்போக்கில் அந்தக் காணியில் பத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. 1990இல் அவர் காலமானார். 2014இல் அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அவருக்குப் பின் பட்டறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் மகள் மீரா. அன்று முகாமுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அதே கைக்குழந்தை.