கையால் வரைந்த திரைகள் – 9: டெல்லி கைவிரித்த ராமாயணம்

சென்ற வாரம் காகுயா இளவரசியைப் பார்த்தோம். மூங்கில் குருத்துக்குள் கிடைத்த பெண்ணின் கதை அது, ஜப்பானியருக்கு ஆயிரம் வருடப் பழக்கம். இசாவோ தகஹாட்டா அதை ஸ்டூடியோ ஜிப்லிக்காக எட்டு வருடம் உழைத்து 2013-ல் திரைக்குக் கொண்டுவந்தார். இளவரசியை நிலவுக்கு அழைத்துப்போக மேகத்தின்மேல் ஒரு கூட்டம் இறங்கி வருகிறதே, அதை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நடுவில் புத்தர், சுற்றிலும் வாத்தியம் வாசிக்கும் தேவமாதர். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் அப்சரஸ்களின் வம்சம்தான் அவர்கள்.

இங்கிருந்து அங்கே போனது அது. அங்கிருந்து ஒருவர் நம் கதையைத் தேடி இங்கே வந்தார். அவர் பெயர் யூகோ சாகோ.

ஆவணப்பட இயக்குநரான சாகோ 1970 முதலே இந்தியாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர். தொல்லியலாளர் பி.பி. லால் அலகாபாத் அருகே நடத்திய அகழாய்வைப் படமாக்க 1983-ல் வந்தபோது ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பி, ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ராமன் தெய்வம், ஒரு நடிகரைக் கொண்டு காட்டுவதைவிட வரைந்து காட்டுவதே முறை என்று முடிவு செய்தார். எனக்கு இது பக்தனின் பேச்சாகவே படுகிறது. நடிகர் வந்தால் பார்ப்பவருக்கு அவர் முகமும் முந்தைய படமும் நினைவில் வரும். கோட்டில் வரும் ராமனுக்கு முந்தைய படம் கிடையாது.

ஆனால் அவர் படம் எடுப்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு செய்தி வெளியானது. டெல்லியிலுள்ள ஜப்பான் தூதரகத்துக்கு விஸ்வ ஹிந்து பரிஷத்திடமிருந்து கண்டனக் கடிதம் போயிற்று: ராமாயணம் இந்தியாவின் தேசியச் சொத்து, வெளிநாட்டவர் இஷ்டப்படி படமாக்கக் கூடாது. சாகோ நேரில் பேசி அந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டார். அரசாங்கத்திடம்தான் கதவு திறக்கவில்லை. இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து தயாரிக்கலாம் என்ற யோசனைக்கு டெல்லி கைவிரித்தது. விஷயம் நுட்பமானது, கார்ட்டூனாகக் காட்டினால் சரிவராது என்பது காரணம். அயோத்தி விவகாரம் சூடேறிக்கொண்டிருந்த நேரம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அந்தக் காரணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. டெல்லியின் மேற்கே தித்தார்பூர் என்று ஓர் இடம். தசரா நெருங்கினால் சாலையோரமெங்கும் மூங்கிலைப் பிளந்து கட்டி, காகிதம் ஒட்டி, ராவணன் தலைகளுக்கு முறுக்கு மீசை வரைந்துகொண்டிருப்பார்கள். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். யாருக்கும் ராமாயணம் மலிந்துபோனதாகத் தோன்றுவதில்லை. அமர் சித்திரக் கதைக்கு வித்து விழுந்ததும் டெல்லியில்தான். 1967-ல் தூர்தர்ஷன் வினாடி வினா ஒன்றில் ராமனின் தாய் பெயரைச் சொல்ல மாணவர்கள் திணறியதைப் பார்த்து அனந்த் பை சித்திரக் கதை பக்கம் திரும்பினார். அரசாங்கத்தின் அதே தூர்தர்ஷன் 1987-ல் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை வீடுவீடாகக் கொண்டுபோனது. பொம்மைக்கும் புத்தகத்துக்கும் டிவிக்கும் ஆகிவந்த ராமன், செல்லுலாய்டு தாளில் வரைந்தால் மட்டும் எப்படிக் குறைந்துபோவான்?

படம் கடைசியில் ஜப்பானில் உருவானது. 1990-ல் வேலை தொடங்கியது, ஏறத்தாழ 450 கலைஞர்கள். சாகோவோடு கொய்ச்சி சசாகியும் நம் ராம் மோகனும் இயக்குநர்கள். இசை வன்ராஜ் பாட்டியா. சுமார் ஒரு லட்சம் செல்கள் என்கிறார்கள். செல் என்பது கண்ணாடி போன்ற தாள். பென்சில் கோட்டை அதில் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கவேண்டும். ராமன் நாலடி நடந்தால் வேட்டியின் கொசுவமும் நாலடி நடக்கவேண்டும். ஒவ்வொரு தாளிலும் அந்த மடிப்புகளைப் புதிதாக வரைய வேண்டும். வேட்டியே கட்டாத ஊரில் இது எப்படி வரும்? இந்தியக் கலைஞர்கள் போய் வேட்டி கட்டும் விதத்தையும், பிள்ளைகள் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார்கள். படத்தில் உடுப்பு உடம்போடு ஒட்டி நடப்பதற்கு அந்தப் பாடம்தான் காரணம்.

என் ஆதங்கம் இங்கேதான். கூட்டுத் தயாரிப்பாக இருந்திருந்தால் சொல்லிக்கொடுக்கப் போன சிலரோடு, கற்றுக்கொள்ள நூறு இளைஞர்களும் அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முழுநீளப் படத்தை முதல் கோட்டிலிருந்து கடைசிச் செல் வரை முடித்த கைகள் நமக்குக் கிடைத்திருக்கும். அது இல்லாமல், வெளிநாட்டுத் தொடர்களுக்குக் கூலிக்கு வரைந்தே நம் ஸ்டூடியோக்கள் பல வளர்ந்தன.

1993 ஜனவரியில், டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, பம்பாயில் கலவரம். ராமன் பெயரில் ஒரு படத்தை அப்போது ஊரெங்கும் யார் வெளியிடுவார்கள்? இந்தியில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் டிவி ராமனான அருண் கோவில், ராவணனுக்கு அம்ரீஷ் புரி. அப்படியும் எடுபடவில்லை. பிற்பாடு டிவியில் பார்த்த பிள்ளைகள்தான் படத்தைப் பிழைக்க வைத்தார்கள். 2025 ஜனவரி 24 அன்று புதுப்பித்த பிரதி தியேட்டருக்கு வந்தது, தமிழ் டப்பிங்கோடு. சாகோ 2012-லும் ராம் மோகன் 2019-லும் காலமாகிவிட்டார்கள்.

ராம் மோகன் 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர்; டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் பழகியவர். அந்தப் பிரிவு ஒரு ஜாதகக் கதையை எடுத்து வரைந்த ‘தி பேனியன் டீர்’ படத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)